பதினோரு பிள்ளை பெற்ற அப்பத்தாவும் சிசு மரணக் கணக்கும்

தேவகோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. "எங்கள் அப்பத்தா பதினோரு பிள்ளை பெற்றார். எல்லாம் வீட்டில், மருத்துவச்சி கையில். ஊசியும் இல்லை, ஸ்கேனும் இல்லை. பிள்ளைகள் கல்லுக்குண்டாட்டம் இருந்தார்கள். இந்தியாவில் சிசு மரணம் குறைந்துவிட்டது என்கிறார்களே, உண்மையிலேயே குறைந்ததா, ஏட்டுக் கணக்கா? குறைந்தது என்றால் எப்போது, எதனால்?"

குறைந்தது உண்மை. அதுவும் கொஞ்சநஞ்சமாக அல்ல. ஆனால் நிதானமாக ஒரே சரிவில் இறங்கவில்லை. சில காலம் மடமடவென்று இறங்கியது, சில காலம் பத்து வருஷம் அசையாமல் நின்றது. எங்கே நின்றது, ஏன் நின்றது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. காரைக்குடி, கல்லல் பக்கக் கிராமங்களில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பதிவேடு எழுதிய பழக்கத்தில் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அப்பத்தா விஷயம். "எத்தனை பெத்தீங்க" என்பது ஒரு கேள்வி, "எத்தனை தங்குச்சு" என்பது இன்னொரு கேள்வி. வயதான பெண்களிடம் முதல் கேள்வியைக் கேட்டாலும் இரண்டாவதற்கான பதில்தான் வரும். இருக்கிற பிள்ளைகளைப் பேர் சொல்லி விரல் மடக்குவார்கள். உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால்தான், "பெரியவனுக்கு முன்னால ஒண்ணு, ஏழாம் நாள் போயிருச்சு. நடுவுல ஒரு பொண்ணு, தவழ்ற வயசுல வயித்தால போயி போச்சு" என்று வரும். பேர் வைப்பதற்கு முன் போன பிள்ளை குடும்பக் கணக்கிலேயே ஏறாது. சர்க்கார் கணக்கிலும் பாதி ஏறியதில்லை. உங்கள் அப்பத்தாவுக்குப் பதினொன்றும் தங்கியிருந்தால் அவர் பாக்கியசாலி. 1951 வாக்கில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் சுமார் 146 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஏழில் ஒன்று. அந்த வீதத்தில் பதினோரு பிள்ளையும் ஒரு வயதைத் தாண்டுவது, குத்துமதிப்பாகப் பெருக்கிப் பார்த்தால், ஆறு தாய்மாரில் ஒருவருக்கு வாய்க்கும். மற்ற ஐந்து பேரும் ஒன்றாவது பறிகொடுத்திருப்பார்கள். அந்த ஐந்து பேர் வீட்டில் யாரும் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, அதனால் நம் காதுக்கு வருவது ஆறாமவர் கதை மட்டும்.

நம்பிக்கை இல்லையென்றால் ஊரில் பழைய வாக்காளர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பிச்சை, குப்பை, குப்பாயி, தவுட்டம்மா, மூக்கன். முன்னால் பிறந்தது தங்காத வீட்டில், அடுத்ததைக் குப்பையில் புரட்டி எடுத்தார்கள், ஒரு படி தவிட்டுக்கு விற்றதாகப் பாவனை செய்து திரும்ப வாங்கினார்கள், ஆண்பிள்ளைக்கு மூக்குக் குத்தினார்கள். எமனுக்கு இந்தப் பிள்ளை மேல் ஆசை வராமலிருக்க இத்தனை ஏற்பாடு. தெருவுக்கு நாலு பேர் இந்தப் பெயரில் இருந்தார்கள் என்றால் தெருவில் எத்தனை சாவு நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பணம் இருந்தவர் தப்பினாரா? அதுவும் பெரிதாக இல்லை. பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் போட்ட வீட்டிலும் பேறுகாலம் நடந்தது பின்கட்டில்தான். அறுத்த கத்தி அதே கத்தி, கட்டிய துணி அதே பழந்துணி. நகரத்தார் வீடுகளில் பிள்ளை கூட்டிக்கொள்வது, அதாவது தத்து எடுப்பது, இத்தனை சகஜமாக இருந்ததற்குச் சொத்தும் கொள்ளி வைக்க வாரிசும் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பெற்றது தங்காமல் போனதும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். இது நம் ஊர் மட்டும் அல்ல. 1890களில் அமெரிக்காவில் மருத்துவர் வீட்டுப் பிள்ளைகளின் சாவுகூட நாட்டுச் சராசரியைவிடச் சொற்பமே குறைவாக இருந்தது. கிருமி எது, அதை எப்படித் தடுப்பது என்று வழக்கத்தில் வராத காலத்தில் காசு அதிகம் சாதிக்கவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். சிசு மரண விகிதம் என்பது ஓராண்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு, ஒரு வயது நிறையாமல் இறந்தவர்கள் எத்தனை என்பது. வெறும் பிறப்பு இறப்புப் பதிவை நம்பி இதைப் போட முடியாது, சாவு விட்டுப்போகும். அதனால் மாதிரிப் பதிவு முறை என்று ஒன்று 1969-70 முதல் நாடு முழுக்க நடக்கிறது. தேர்ந்தெடுத்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம, நகரத் துண்டுகளில் உள்ளூர் ஆள் ஒருவர் பிறப்பு இறப்பை அன்றன்றைக்குக் குறித்துவருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் வந்து, முதல் ஆளின் நோட்டைப் பார்க்காமல், வீடு வீடாக விசாரிப்பார். பிறகு இரண்டையும் ஒட்டிப் பார்த்து, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாததை மறுபடி நேரில் போய் உறுதி செய்வார்கள். ஏட்டுக் கணக்கு என்று நீங்கள் சந்தேகப்பட்டதற்கு இதுதான் பதில். எங்களைப் போன்ற சுகாதாரத் துறைக்காரர்கள் கொடுக்கும் எண் அல்ல அது. கணக்கெடுப்புத் துறையின் எண். எங்கள் வேலைக்கு மார்க் போடும் எண்ணை நாங்களே எழுதினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

அந்தக் கணக்குப்படி 1971இல் இந்தியாவில் 129. தமிழ்நாட்டில் 113. கேரளாவில் அப்போதே 58. எழுபதுகள் முழுக்க இந்தியாவின் எண் அசையவே இல்லை. 1975இல் 140க்குக்கூட ஏறியது, 1978இல் 127. எண்பதுகளில்தான் உடைந்தது. 1980இல் 114, 1990இல் 80. பிறகு தொண்ணூறுகளில் மறுபடி முட்டி நின்றது, 2000இல் 68. அதற்கப்புறம் 2005இல் 58, 2010இல் 47, 2015இல் 37, 2020இல் 28, 2023இல் 25. தமிழ்நாடு 1991இல் 57க்கு வந்துவிட்டது, ஆனால் 2000இலும் 51தான். அதன்பின் 2005இல் 37, 2010இல் 24, 2020இல் 13, 2023இல் 12.

இந்த எண்களைக் கொஞ்சம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேரளா 1971இல் இருந்த இடத்துக்குத் தமிழ்நாடு வந்தது 1991இல், இருபது வருஷம் பிந்தி. 2023இல் உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் மூன்றும் 37. அது 2005இல் தமிழ்நாடு நின்ற இடம். "இந்தியாவின் சிசு மரணம்" என்று ஒற்றை எண்ணைச் சொல்வதில் எனக்கு அவ்வளவு பிரியம் இல்லை. ஒரே நாட்டுக்குள் வெவ்வேறு காலங்கள் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

எண்பதுகளில் என்ன நடந்தது? நான் வேலைக்கு வந்த காலம், அதனால் இதை விரிவாகச் சொல்ல முடியும்.

அப்போது பிள்ளைகள் செத்தது பெரும்பாலும் நாலைந்து காரணத்தால். ஒன்று ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். அரிவாள்மனையோ பழைய பிளேடோ கொண்டு தொப்புள்கொடியை அறுப்பார்கள், அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைப்பார்கள். மூன்று நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை அதன்பின் வாயைத் திறக்காது. வில்லாக வளையும். அதைத் தோஷம் என்றும் இசிவு என்றும் சொல்லி மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பிழைத்த பிள்ளை அபூர்வம். இதற்கு மருந்து பிள்ளைக்கு அல்ல, தாய்க்கு: கர்ப்ப காலத்தில் போடும் டி.டி. ஊசி. தாயின் எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்குப் போய்விடும். கூடவே ஒரு புது பிளேடும் சுத்தமான நூலும். இவ்வளவுதான் செலவு. 2015இல் இந்தியாவிலிருந்தே தாய்சேய் ரண ஜன்னி நீங்கிவிட்டதாக அறிவித்தார்கள். இன்றைக்கு இளம் டாக்டர்கள் இதைப் புத்தகத்தில் படிப்பதோடு சரி.

இரண்டாவது வயிற்றுப்போக்கு. நம் பக்கம் வானம் பார்த்த பூமி. ஊரணித் தண்ணீரைக் குடித்த ஊர்கள். நல்ல ஊரணிகளைக் காவல் போட்டு, கால் நனைக்க விடாமல் காப்பாற்றினார்கள், உண்மைதான். ஆனால் சித்திரை வைகாசியில் அடித்தண்ணீர் கலங்கி வரும்போது காவல் என்ன செய்யும்? அதைவிட மோசம், வயிற்றால் போகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று நிறுத்திவிடுவார்கள். உச்சிக்குழி உள்ளே இழுத்து, கண் செருகி, பிள்ளை காய்ந்தே போகும். உப்புச் சர்க்கரைக் கரைசலின் பலனை 1971இல் வங்காளதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் பெரிய அளவில் காட்டினார். அது நம் ஊர் அடுப்படிக்கு வந்து சேர ஏறக்குறையப் பத்து வருஷம் ஆயிற்று. ஒரு பாக்கெட், ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீர். அதைக் கலக்கக் கற்றுக்கொடுத்ததுதான் என் முதல் சில வருஷ வேலை என்றே சொல்லலாம்.

தட்டம்மை, கக்குவான், தொண்டை அடைப்பான் இவற்றுக்கு 1985இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் வந்தது. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் இறங்கி நடப்போம். தமிழ்நாட்டில் அந்தக் காலத்திலேயே பஸ் போகாத ஊர் குறைவு என்பதையும் ஒரு காரணமாக நான் எழுதுவேன், சிரித்தாலும் சரி.

சத்துணவு என்றால் எல்லாரும் 1982ஐச் சொல்வார்கள். அது நல்ல திட்டம், ஆனால் பள்ளிக்கும் பால்வாடிக்கும் போகிற வயதுப் பிள்ளைகளுக்கு. சிசு மரணத்தைத் தொட்டது அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1980இல், உலக வங்கிக் கடனில் நம் சிங்கம்புணரிக்கு அடுத்த கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். காரைக்குடியும் தேவகோட்டையும் சேர்ந்திருந்த அன்றைய ராமநாதபுரம் மாவட்டமும் புதுக்கோட்டையும் அதில் இருந்தன. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை மாதாமாதம் எடை போடுவது, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துருண்டை கொடுப்பது, ஏறியதும் நிறுத்துவது. தராசில் பிள்ளையைத் தொங்கப் போட்டால் கண் பட்டுவிடும் என்று முதலில் சண்டைக்கு வந்தார்கள். பிறகு தாய்மார்களே அட்டையில் கோடு மேலே போகிறதா என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1971இல் சராசரி நாலு பிள்ளை, 2023இல் 1.3. பதினாறு வயதில் ஒன்று, நாற்பதில் ஒன்று, நடுவில் வருஷத்துக்கு ஒன்று என்பது போனதே பாதி உயிரைக் காப்பாற்றியிருக்கும். பிள்ளை பிழைக்கும் என்று நம்பிக்கை வந்த பிறகுதான் பெண்கள் ஆபரேஷனுக்கு வந்தார்கள் என்பது நான் பார்த்தது. எது முந்தி, எது பிந்தி என்று ஆராய்ச்சிக்காரர்கள் வாதாடட்டும்.

சரி, தொண்ணூறுகளில் ஏன் முட்டி நின்றது? ஊசியாலும் கரைசலாலும் தடுக்கக்கூடிய சாவு எல்லாம், பெரும்பாலும் ஒரு மாதம் தாண்டிய பிள்ளைகளின் சாவு. அது குறைந்துவிட்டது. மிச்சம் இருந்தது பிறந்த முதல் மாதச் சாவு, அதிலும் முதல் வாரம், அதிலும் முதல் நாள். குறைமாதம், எடைக்குறைவு, பிறந்ததும் அழாமல் மூச்சுத் திணறுவது, ரத்தத்தில் கிருமி. இவற்றுக்குத் தோளில் தூக்கிப் போகும் ஐஸ் பெட்டி போதாது. பிறக்கும் இடத்தில், பிறக்கும் நேரத்தில், தெரிந்த கை ஒன்று இருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கும் இருக்க வேண்டும்.

அந்தக் காலத்தின் இன்னொரு இருட்டையும் மறைக்கக்கூடாது. உசிலம்பட்டி வட்டாரம், சேலம், தருமபுரி மாவட்டங்களில் பெண் சிசுக்களைக் கொன்றார்கள். 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது அதனால்தான். பிறகு அந்தச் சாவு கணக்கில் குறைந்தது. எல்லாம் மனம் மாறியதால் அல்ல. ஸ்கேன் வந்து, பிறக்கும் முன்பே முடிக்க ஆரம்பித்தார்கள். கருவில் அழிந்தது சிசு மரணத்தில் சேராது. பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994இல் சட்டம் போட வேண்டிவந்தது. ஒரு எண் இறங்கும்போது அந்தச் சாவு எங்கே போயிற்று என்று கேட்கும் பழக்கம் எனக்கு அப்போது வந்தது.

இரண்டாயிரத்துக்குப் பின் தமிழ்நாடு செய்தது என்னவென்றால், ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்சுகளை முறை வைத்துப் போட்டு இருபத்துநாலு மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தது. சிக்கலான பிரசவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் சீமாங் என்ற அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையங்களைத் திறந்தது. 2008இல் 108 ஆம்புலன்ஸை ஓடவிட்டது. பச்சிளங்குழந்தைகளுக்கென்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளை மாவட்டந்தோறும் வைத்தது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரில் 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கிய பேறுகால உதவி 2006இல் 6,000 ஆயிற்று, 2011இல் 12,000. அந்தப் பணத்துக்காகவே ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள் என்று கேலி பேசியவர்கள் உண்டு. வந்தார்களா இல்லையா? அது போதும் எனக்கு. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 1992-93இல் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பிரசவம் வீட்டில் நடந்தது. 2019-21இல் நூற்றுக்கு 99க்கு மேல் ஆஸ்பத்திரியில். இந்தியா முழுக்க அதே இடைவெளியில் 26 சதவீதம் 89 ஆயிற்று. 2005க்குப் பிந்தைய நாட்டு எண்களின் சரிவு இதோடு ஒட்டி வருவது தற்செயல் அல்ல. 2011 டிசம்பரில் ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட் ஊசியை நாட்டிலேயே முதலில் போட ஆரம்பித்தது தமிழ்நாடும் கேரளாவும்தான்.

ஆஸ்பத்திரிப் பிரசவம் கூடினால் கத்தியும் கூடும் என்பது உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் மனக்குறை. நியாயம்தான். அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சுமார் 45 சதவீதம் சிசேரியன். இவ்வளவுக்கு அவசியம் இல்லை, நல்ல நேரம் பார்த்து வெட்டச் சொல்லும் குடும்பங்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதைக் கேள்வி கேளுங்கள். அதற்கு மருந்து மருத்துவச்சி காலத்துக்குத் திரும்புவது அல்ல.

மாவட்டக் கணக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மாதிரிப் பதிவு முறை மாவட்ட எண் தராது. "எங்கள் வட்டாரத்தில் போன வருஷம் 8, இந்த வருஷம் 17, இரு மடங்கு" என்று யாராவது பதறினால் பெருக்கிப் பாருங்கள். ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முப்பதாயிரம் மக்கள். இப்போதைய பிறப்பு வீதத்தில் வருஷத்துக்குச் சுமார் 360 பிறப்பு. மூன்று பிள்ளை இறந்தால் விகிதம் 8, ஆறு இறந்தால் 17. இந்த மூன்று சாவு வித்தியாசம் அதிர்ஷ்டத்தாலும் வரும், அலட்சியத்தாலும் வரும். எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆறு வீட்டுக்கும் போய் என்ன நடந்தது, எத்தனை மணிக்கு வலி வந்தது, வண்டி எப்போது வந்தது, எங்கே அனுப்பினார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். அந்த ஆய்வுக்கூட்டங்களில் மேலதிகாரிகள் எண்ணுக்காகக் கத்துவதை நான் கேட்டதுண்டு. கத்தினால் சாவு குறையாது, பதிவு குறையும்.

இன்றைய நிலை: 2020இல் தமிழ்நாட்டின் 13இல் 9, இந்தியாவின் 28இல் 20, பிறந்த இருபத்தெட்டு நாளுக்குள் நடந்தவை. மிச்சம் இருப்பது கடினமான சாவு. குறைமாதம் முதல் காரணம். பிறவிக் குறைபாடுகளின் பங்கு கூடிக்கொண்டு வருகிறது, மற்றவை குறைவதால். இங்கே நம்மிடம் ஒரு விஷயம் இருக்கிறது: தாய்மாமன், அத்தை மகன் என்று ரத்த உறவில் கட்டிக்கொடுப்பது. தமிழ்நாட்டுத் திருமணங்களில் கால்வாசிக்கு மேல் இன்னும் அப்படித்தான். எல்லாப் பிள்ளைக்கும் குறை வரும் என்று சொல்லவில்லை, ஆபத்து கூடும். சொத்து வெளியே போகாமல் இருக்க முறைப்பெண் எடுக்கும் வீடுகளில் இதை எடுத்துச் சொல்லி நான் வாங்கிய பேச்சுக்கு அளவில்லை. கேரளா 5க்குப் போய்விட்டது, அதனால் 12 என்பது எல்லை அல்ல. ஆண்டுக்கு ஏறக்குறைய 9 லட்சம் பிறப்பு என்று வைத்தால் 12க்கும் 5க்கும் இடையில் ஆறாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள்.

அதில் ஒரு பகுதி வீட்டில் நடப்பது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு மூன்று நாளில் வந்துவிடுவார்கள். ஆபத்தான முதல் வாரத்தின் மிச்சம் அம்மாச்சி கையில். வந்ததும் சேனை தொட்டு வைப்பது, சீம்பால் கெட்டபால் என்று பீய்ச்சி ஊற்றுவது, குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதுவது, கதவை அடைத்துச் சாம்பிராணி போடுவது, தொண்டையில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுக்கத் தூக்கிப் போவது. வசம்பு வளையல் கையில் கிடந்துவிட்டுப் போகட்டும், வாயில் உரைத்து ஊற்றாதீர்கள். எடை குறைந்த பிள்ளையைத் தாய் நெஞ்சோடு தோல் படக் கட்டி வையுங்கள். பகட்டான பெட்டி இல்லாத இடத்தில் அதுதான் வார்மர். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பாங்கும் ராணி பாங்கும் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே பச்சிளம்பிள்ளையைப் பார்க்க வைத்து, முதல் மாதச் சாவை 62 சதவீதம் குறைத்தார்கள். 1999இல் வெளியான முடிவு அது. நாடு முழுக்க வீட்டுக்கே வந்து பார்க்கும் முறை அதிலிருந்து வந்தது. மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு வாரம் ஒருமுறை, நாற்பத்திரண்டாம் நாள் என்று நர்ஸம்மா கதவைத் தட்டினால் "தீட்டு, அப்புறம் வாங்க" என்று வாசலோடு அனுப்பாதீர்கள். பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தினால், தொட்டால் சில்லென்று இருந்தாலோ காய்ந்தாலோ, மூச்சு வாங்கும்போது நெஞ்சுக்கூடு குழிந்தால், உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினால், மணி எத்தனை என்று பார்க்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.